எண்ணும் முறையும் குவாண்டம் கொள்கையும்

கொல்லன் உலையில் இட்ட இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகவும், வெப்பம் ஏற ஏறச் செம்மஞ்சளாகவும், முடிவில் கண்கூசும் வெண்மையாகவும் ஒளிர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். இரும்பை எடுத்துவிட்டு ஒரு மண் ஓட்டை அங்கே வைத்தாலும், அதே வெப்பநிலையில் ஏறத்தாழ அதே நிறந்தான் தோன்றும். பொருள் வேறு, ஒளி ஒன்றே. 1859-ல் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் கிர்க்காஃப் இவ்வுண்மையை நுட்பமாக எடுத்துரைத்தார். நாற்புறமும் அடைபட்ட ஓர் உலையை ஒரே சீரான வெப்பநிலையில் வைத்து, அதன் சுவரில் ஓர் ஊசித்துளை இட்டுப் பார்த்தால், துளையின் வழியே வரும் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு கலந்திருக்கும் என்பது சுவர் எதனால் ஆயது என்பதைப் பொறுத்ததன்று; வெப்பநிலை ஒன்றையே பொறுத்தது. அவ்வாறாயின் அந்தக் கலப்பு விகிதத்தைத் தரும் சூத்திரம் யாது?

இக்கேள்விக்கு விடை காண 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1896-ல் வீன் என்பவர் ஒரு சூத்திரம் வகுத்தார். அது ஊதாப் பக்கத்து ஒளிக்குச் சரியாகப் பொருந்தியது. சிவப்பையும் கடந்து கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களுக்கு வந்தபோது பிழைத்தது. ஒளியை அலையென்றே கொண்டு ராலே என்ற ஆங்கிலேயர் 1900-ல் காட்டிய வழி இதற்கு நேர்மாறாக நடந்தது. வெப்பக் கதிர்களுக்கு அது பொருந்திற்று. ஊதாப் பக்கம் போகப்போக உலைக்குள் அளவிறந்த சக்தி இருக்க வேண்டும் என்ற பொருந்தா முடிவுக்குக் கொண்டுபோய் விட்டது. அதனை நம்பினால், சமையற்கட்டில் அடுப்பைத் திறந்தவர் எவரும் உயிருடன் மீள முடியாது.

மாக்ஸ் பிளாங்க் 1900 அக்டோபர் 19-ஆம் நாள் பெர்லினில் வெளியிட்ட சூத்திரம் இரு பக்கமும் பிழையறப் பொருந்தியது. அதற்குக் காரணம் கற்பிக்க அவர் இரண்டு மாதம் அரும்பாடுபட்டார். டிசம்பர் 14-ஆம் நாள் அவர் கூறிய காரணம் இதுவே: பொருள்கள் ஒளிச் சக்தியை நீரைப்போல் இடையறாது ஏற்பதும் விடுவதும் இல்லை, சிறு சிறு சிப்பங்களாகவே ஏற்கின்றன, விடுகின்றன. ஒரு சிப்பத்தின் அளவு, ஒளியின் அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் பெருக்கி வருவதாகும். பிளாங்க் மாறிலி என்று இன்று வழங்கும் அவ்வெண் மிகமிகச் சிறியது. ஜூல்-விநாடி என்னும் அளவையில், தசமப் புள்ளிக்குப் பின் 33 சூனியங்களை எழுதி, அதன் பிறகே 6626 என்ற இலக்கங்களை எழுதவேண்டும். அந்தச் சிப்பத்திற்கு வைத்த பெயர் குவாண்டம். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'எவ்வளவு' என்பது பொருள். இப்பொருளை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

குவாண்டம் கொள்கையைப் பற்றிப் பொதுமக்களுக்குப் பேசுவோர் பெரும்பாலும் ஹைசன்பர்கின் நிச்சயமின்மையையோ, ஷ்ரோடிங்கரின் பெட்டிக்குள் உயிரோடும் உயிரின்றியும் இருக்கும் பூனையையோ எடுத்துக்கொள்வது வழக்கம். அவை சுவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கொள்கை பௌதிகத்தில் செய்த மாறுதல்களுள் அவற்றினும் ஆழமான ஒன்று உண்டென்பது என் எண்ணம். அது எண்ணுவதைப் பற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள்களை எண்ணுகிறோமே, அதைப் பற்றியது. அம்மாறுதலுக்கு வித்திட்ட கட்டுரை ஐரோப்பாவில் எழுதப்பட்டதன்று. டாக்கா நகரில் 30 வயது ஆசிரியர் ஒருவர் எழுதியது.

அவர் சத்தியேந்திரநாத் போஸ். 1894 ஜனவரி முதல் நாள் கல்கத்தாவில் பிறந்தவர். அங்குள்ள பிரஸிடென்ஸி கல்லூரியில் மேகநாத் சாஹாவுடன் ஒரே வகுப்பில் பயின்றவர். ஐன்ஸ்டீனின் ஒப்புமைக் கொள்கைக் கட்டுரைகளைச் சாஹாவும் போஸும் ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்க்க, கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதனை 1920-ல் நூலாக வெளியிட்டது. மறு ஆண்டு போஸ், புதிதாகத் தொடங்கப்பெற்ற டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

அங்கே பாடம் நடத்தும்போது பிளாங்கின் சூத்திரம் அவருக்கு முள்ளாக உறுத்தியது. சூத்திரம் சரியானதே, அதனை அடைந்த வழியே சரியில்லை. உலைக்குள் எத்தனை வகை அதிர்வுகள் இடம்பெறக்கூடும் என்ற கணக்கை ஒளியின் பழைய அலைக் கொள்கையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வோர் அதிர்வுக்கும் எவ்வளவு சக்தி என்பதைப் புதிய சிப்பக் கொள்கையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்ற கதைதான். பொருள்களின் கொடுக்கல் வாங்கல் மட்டுமன்றி ஒளி தானே சிப்பங்களாக உள்ளது என்று ஐன்ஸ்டீன் 1905-லேயே சொல்லியிருந்தார். அன்று அதனை ஏற்றோர் மிகச் சிலர். 1923-ல் அமெரிக்கராகிய காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரான்மீது மோதி, பந்துபோல் சக்தி இழந்து திரும்புவதைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கிற்று. ஒளி சிப்பங்களால் ஆயது மெய்யானால், அலை என்ற பேச்சையே எடுக்காமல், சிப்பங்களை மட்டும் எண்ணிப் பிளாங்க் சூத்திரத்தை வருவிக்க முடியவேண்டும் அல்லவா? போஸ் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டது இதுவே.

முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒளிச் சிப்பங்களைப் பந்துகளைப்போல் எண்ணினால் கிடைப்பது பிளாங்க் சூத்திரமன்று. பிழைபட்ட வீன் சூத்திரமே. அப்படியானால் சிப்பங்கள் பந்துகளைப் போன்றவை அல்ல என்றாகிறது. வேறு எதைப் போன்றவை?

ஓர் அரசாங்க அலுவலகத்தை எண்ணிக்கொள்வோம். அதில் இரண்டு பிரிவுகள். முத்துசாமி, நாராயணன் என்ற இரண்டு குமாஸ்தாக்களை அப்பிரிவுகளில் அமர்த்த வேண்டும். எத்தனை விதமாக அமர்த்தலாம்? இருவரும் முதற் பிரிவில். இருவரும் இரண்டாம் பிரிவில். முத்துசாமி முதலிலும் நாராயணன் இரண்டிலும். நாராயணன் முதலிலும் முத்துசாமி இரண்டிலும். ஆக நான்கு விதம். நான்கிற்கும் சம வாய்ப்பு என்றால், இருவரும் ஒரே பிரிவில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி.

இப்பொழுது குமாஸ்தாக்களை விட்டுவிட்டு, அதே அலுவலகத்தில் இரண்டு காலியிடங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவ்விரு காலியிடங்களை இரு பிரிவுகளுக்கும் எத்தனை விதமாகப் பகிரலாம்? முதற் பிரிவில் இரண்டு, இரண்டாம் பிரிவில் இரண்டு, பிரிவுக்கு ஒன்று. மூன்றே விதந்தான். பிரிவுக்கொன்றாக இருக்கும்போது, 'அந்தக் காலியிடம் இங்கேயும் இந்தக் காலியிடம் அங்கேயுமாக மாற்றி வைத்தால் என்ன?' என்று எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். காலியிடத்திற்கு எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. எவ்வளவு என்று கேட்கலாம். எது என்று கேட்கலாகாது. இம்மூன்று விதங்களுக்கும் சம வாய்ப்பு என்று வைத்தால், இரண்டும் ஒரே பிரிவில் சேர்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகிறது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. எண்ணும் முறை மாறியதாலேயே கூடியிருக்கும் நாட்டம் மிகுந்துவிட்டது.

ஒளிச் சிப்பங்களைப் போஸ் காலியிடங்களை எண்ணுவதுபோல எண்ணினார். சிப்பம் ஒன்றின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் சேர்த்து ஒரு களமாக வைத்து, அக்களத்தைப் பிளாங்க் மாறிலியின் மூன்றாம் படி அளவுள்ள அறைகளாகப் பிரித்தார். பிறகு, 'இந்தச் சிப்பம் எந்த அறையில் இருக்கிறது?' என்று கேட்காமல், 'ஒரு சிப்பமும் இல்லாத அறைகள் எத்தனை, ஒன்று உள்ளவை எத்தனை, இரண்டு உள்ளவை எத்தனை?' என்று மட்டும் கேட்டார். சில வரிக் கணக்கு. பிளாங்க் சூத்திரம் முழுமையாக வெளிவந்தது. வீனின் பிழைக்கும் இதிலேயே காரணம் தெரிகிறது. ஊதாப் பக்கத்தில் ஒரு சிப்பத்தின் சக்தி பெரிது, ஆகவே சிப்பங்கள் சிலவே, அறைகளோ பல. ஓர் அறையில் இரண்டு கூடுவது அரிதாகையால் எந்த முறையில் எண்ணினாலும் விடை ஏறத்தாழ ஒன்றே. வெப்பக் கதிர்களின் பக்கத்தில் சிப்பங்கள் சிறியவை. ஓர் அறையில் பல கூடுகின்றன. அங்கேதான் இரண்டு கணக்கும் பிரிந்துபோகின்றன.

தாம் செய்தது அவ்வளவு புதுமையானது என்பதை அப்போது தாமே உணரவில்லை என்று போஸ் முதுமையில் கூறியுள்ளார். நம்பத்தக்கதே. கட்டுரையை அவர் முதலில் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிப் பயனில்லாமற்போகவே, 1924 ஜூன் 4-ஆம் நாள் ஐன்ஸ்டீனுக்கே நேராக அனுப்பிவைத்தார். கட்டுரை வெளியிடத் தகுந்ததென்று கருதினால் அதனை ஜெர்மன் பத்திரிகையில் வெளியிட ஏற்பாடு செய்யவேண்டும் என்றும், அதை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்றும் உடன் எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து, கடல் கடந்து வந்த கட்டுரை. ஐன்ஸ்டீன் அதனைத் தம் கையாலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, இது முக்கியமான ஒரு முன்னேற்றம் என்ற குறிப்பையும் இறுதியில் சேர்த்து அனுப்ப, அவ்வாண்டே அது அச்சேறியது. மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட என் போன்றோருக்கு இந்த நிகழ்ச்சியில் தனியானதொரு மகிழ்ச்சி உண்டென்பதை மறைப்பானேன்? நான்கு ஆண்டுகளுக்கு முன் ஐன்ஸ்டீனை ஆங்கிலத்தில் பெயர்த்தவரை ஐன்ஸ்டீன் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். ஐன்ஸ்டீன் தம் பாராட்டை ஓர் அஞ்சலட்டையில் எழுதி டாக்காவுக்கு அனுப்பினார். ஐரோப்பா சென்று இரண்டாண்டு ஆராய்ச்சி செய்ய விடுப்பு வேண்டிப் போஸ் காத்திருந்த சமயம் அது. அட்டையைக் கண்டதும் பல்கலைக்கழகத்தார் இசைந்தனர். அதனைக் காட்டியே ஜெர்மன் அனுமதியும் கிடைத்தது. விடுப்பு மனுக்களின் போக்கை அறிந்தவர்கள் அந்த அட்டையின் அருமையை அறிவார்கள்.

ஐன்ஸ்டீன் பெயர்த்ததோடு நிற்கவில்லை. ஒளிக்குப் பொருந்தும் இவ்வெண்ணும் முறை பொருளின் அணுக்களுக்கும் ஏன் பொருந்தலாகாது என்று கேட்டார். 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளில் அவர் கண்ட முடிவு வியப்பானது. வாயு ஒன்றைப் போதிய அளவு குளிரச் செய்தால், ஒரு வரம்புக்குக் கீழே அணுக்களுள் பெரும்பகுதி மிகக் குறைந்த சக்தியுள்ள ஒரே நிலையில் போய்க் குவியவேண்டும். அணுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதனாலன்று. எண்ணும் முறையின் விளைவாக.

இவையனைத்தும் நடந்தபோது இன்று நாம் குவாண்டம் விசையியல் என்று வழங்கும் கொள்கை பிறந்திருக்கவில்லை. 1925-ன் நடுவில் ஹைசன்பர்கும், 1926-ன் தொடக்கத்தில் ஷ்ரோடிங்கரும் அதனை இருவேறு வடிவங்களில் அமைத்தனர். ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடு எந்த அலையைக் குறிக்கிறது என்ற குழப்பத்தை 1926-ல் மாக்ஸ் பார்ன் தீர்த்தார். அது பொருள் இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. இருக்கக்கூடிய வாய்ப்பைச் சொல்கிறது. இக்கதையைப் பலரும் சொல்லியிருப்பதால் நான் விரிக்கவில்லை. நமக்கு வேண்டியது அதே ஆண்டில் டிராக்கும் ஹைசன்பர்கும் கண்ட ஒன்று. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு துகள்களை இடம் மாற்றினால், அளந்து காணக்கூடிய எதுவும் மாறலாகாது. அவ்வாறு மாறாதிருக்க அலைக்கு இரண்டே வழிகள் உண்டு: அப்படியே இருக்கலாம், அல்லது குறி மட்டும் மாறலாம். முதல் வழியில் போஸின் எண்ணும் முறை தானாக வருகிறது. இரண்டாவது வழியில், ஓர் அறையில் இரண்டு துகள்கள் இருக்கவே முடியாது என்று வருகிறது.

இரண்டாம் வகையைச் சேர்ந்தது எலெக்ட்ரான். ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்களுக்கு இடமில்லை என்று பௌலி 1925-லேயே விதித்திருந்தார். 1926-ல் ஃபெர்மியும் டிராக்கும் தனித்தனியே அதற்கேற்ற எண்ணும் முறையை வகுத்தார்கள். நம் அலுவலகக் கணக்கில், இரண்டு பிரிவு, இரண்டு பேர் என்றால் பிரிவுக்கொருவராக ஒரே ஓர் ஏற்பாடுதான். இவ்விதி இல்லையாயின் எந்த அணுவிலும் எலெக்ட்ரான்கள் அனைத்தும் கீழ்நிலையிலேயே போய் விழுந்திருக்கும். கார்பனுக்கும் இரும்புக்கும் இன்றுள்ள வேறுபாடு இராது. நாம் நிற்கும் தரை நம்மைத் தாங்காது.

தரையை மட்டுமன்று, விண்மீன்களையும் அவ்விதியே தாங்குகிறது. சிரியஸ் என்னும் ஒளிமிக்க விண்மீனுக்குத் துணையாக ஒரு வெண்குள்ளன் உண்டு. எடையில் ஏறத்தாழச் சூரியன். பருமனில் ஏறத்தாழப் பூமி. அதன் பொருளில் ஒரு தீப்பெட்டியளவு எடுத்தால் பல டன் நிறுக்கும். அது தன் எடையாலேயே நொறுங்கிப் போகாதிருப்பது ஏன்? நெருக்குண்ட எலெக்ட்ரான்கள் ஓர் அறையில் இரண்டாகப் புகமாட்டா என்று எதிர்த்து நிற்பதால்தான் என 1926-ல் ஃபௌலர் விளக்கினார். சென்னை பிரஸிடென்ஸி கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1928-ல் அங்கு வந்த ஜெர்மானிய அறிஞர் ஸோமர்ஃபெல்டிடமிருந்து புதிய எண்ணும் முறையைப் பற்றிக் கேட்டறிந்தார். 1930-ல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், 19 வயதில், ஃபௌலரின் கணக்கில் ஒப்புமைக் கொள்கையைச் சேர்த்துப் பார்த்தார். அந்த எதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டென்று தெரிந்தது. அதனைப் பின்னர்த் துல்லியமாகக் கணக்கிட்டபோது, சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று வந்தது. அதற்கு மேற்பட்ட எடையுள்ள வெண்குள்ளன் நிலைத்திருக்க முடியாது. எடிங்டன் இதனை ஏற்காமல் எள்ளி நகையாடியதும், சந்திரசேகருக்கு 1983-ல் நோபெல் பரிசு கிடைத்ததும் பலர் அறிந்தவை.

உலகிலுள்ள துகள்களெல்லாம் இவ்விரு குலங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. கூடி வாழும் குலத்திற்குப் போஸான் என்றும், தனித்து வாழும் குலத்திற்கு ஃபெர்மியான் என்றும் டிராக் 1945-ல் பாரிஸில் ஆற்றிய சொற்பொழிவில் பெயரிட்டார். எத்துகள் எக்குலம் என்பது அதன் தற்சுழற்சியைப் பொறுத்தது என்று பௌலி 1940-ல் நிறுவினார். அந்த நிறுவல் கணிதத்தில் குறையற்றது; ஆனால் அதனை எளிய சொற்களில் விளக்க வல்லவர் இன்னும் தோன்றவில்லை. நானும் முயலப்போவதில்லை.

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஓர் இடர். 'துகள்' என்று எழுதிவிடுகிறோம். அச்சொல்லைக் கேட்டவுடன் சூரிய ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசி மனத்தில் எழுகிறது. இரண்டு தூசுகள் எவ்வளவு ஒத்திருந்தாலும், இதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இது இதுவே, அது அதுவே. ஒளிச் சிப்பத்திற்கு அத்தகைய 'இது' இல்லை. 1927-ல் டிராக் மின்காந்தப் புலத்திற்கே குவாண்டம் கொள்கையைப் பொருத்தியபோது இதன் காரணம் புலனாயிற்று. ஊஞ்சல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக மட்டுமே அதன் வீச்சு உயரும் என்று வைத்துக்கொள்வோம். இருமுறை தள்ளி இரண்டாம் படிக்கு ஏற்றிய பின், இந்த உயரத்தில் முதல் தள்ளலின் பங்கு எது, இரண்டாவதன் பங்கு எது என்று பிரிக்க முடியுமா? உலைக்குள் ஒவ்வோர் அதிர்வும் ஓர் ஊஞ்சல். இரண்டு ஃபோட்டான் இருக்கின்றன என்றால், அந்த ஊஞ்சல் இரண்டாம் படியில் ஆடுகிறது என்றே பொருள். பின்னர் எலெக்ட்ரான் முதலியவற்றையும் அவற்றுக்குரிய புலங்களின் படிகளாகவே கண்டார்கள். இக்காலத்துக் கோட்பாட்டுப் பௌதிகம் முழுவதும் இந்த அடித்தளத்தின்மேல் எழுந்ததே. ஒரு எலெக்ட்ரான் மற்றோர் எலெக்ட்ரானை எள்ளளவும் வேறுபாடின்றி ஒத்திருப்பது ஏன் என்ற பழைய புதிருக்கும் விடை இதுவே: இரண்டும் ஒரே புலத்தின் அசைவுகள். 2012 ஜூலை 4-ஆம் நாள் ஜெனீவாவுக்கருகே கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போஸானும் அத்தகைய ஒரு புலத்தின் அசைவேயாகும்.

இவ்விடத்தில், 'எல்லாம் ஒன்றே என்று நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று சிலர் எழுந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். முன்னோர் சொன்னது வேறு நோக்கத்தோடு சொன்னது. அதற்கு அதற்குரிய பெருமை உண்டு. போஸ் சொன்னது, இத்தனை டிகிரி வெப்பத்தில் இன்ன நிறம் இன்ன அளவு இருக்கும் என்பது. அளந்து பார்த்துத் தவறென்று தள்ளிவிட இடம் கொடுப்பதுதான் அதன் தனிச் சிறப்பு. இரண்டையும் ஒன்றாக்குவது இரண்டுக்கும் செய்யும் அநீதி.

அளந்தும் பார்த்தார்கள். 1938-ல் மாஸ்கோவில் கபிட்ஸாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மிஸ்னர் என்ற இருவரும், திரவ ஹீலியம் தனிச் சூனியத்திற்கு மேல் 2.17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், உராய்வே இன்றி நுண்ணிய இடுக்குகளிலும் பாய்ந்தோடுவதைக் கண்டார்கள். இது ஐன்ஸ்டீன் கூறிய குவிதலோடு தொடர்புடையது என்று ஃபிரிட்ஸ் லண்டன் அவ்வாண்டே எடுத்துரைத்தார். ஹீலியத்தில் ஓர் அபூர்வ இனம் உண்டு. அதன் அணுவில் ஒரு நியூட்ரான் குறைவு. இரசாயன குணத்தில் எவ்வித மாறுதலும் இல்லை. ஆனால் அந்த ஒரு நியூட்ரான் குறைந்ததால் அவ்வணு போஸான் குலத்தை விட்டு ஃபெர்மியான் குலத்திற்குச் சென்றுவிடுகிறது. அந்த ஹீலியம் 2 டிகிரியில் அவ்வாறு ஓடவில்லை. டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு வரை குளிர்ந்து, அணுக்கள் இரண்டிரண்டாக இணைசேர்ந்த பின்னரே ஓடிற்று. அதனை 1972-ல் கண்டார்கள். எண்ணும் முறைக்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுமா?

திரவத்தில் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்குவதால், ஐன்ஸ்டீன் எண்ணிய தூய குவிதலை அதில் காண்பதற்கில்லை. அது 1995 ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கைகூடிற்று. கார்னெல், வீமன் என்ற இருவர் ஏறத்தாழ 2,000 ரூபிடியம் அணுக்களைக் குளிர்வித்து ஒரே நிலையில் குவித்தனர். ஒரு டிகிரியை 100 கோடிப் பங்காக்கினால் அதில் 170 பங்கு, அந்த வெப்பநிலை. சில மாதங்களில் கெட்டர்லே என்பவர் சோடியம் அணுக்களைக் கொண்டும் இதனைச் செய்தார். மூவரும் 2001-ல் நோபெல் பரிசு பெற்றனர். போஸ் அதனைக் காண இருக்கவில்லை. 1974 பிப்ரவரி 4-ஆம் நாள் மறைந்தார். அவருக்கு நோபெல் பரிசு தரப்படவில்லை என்று நம்மவர் வருந்துவது இயல்பே. ஆனால் அந்த வருத்தத்தில் கழியும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் அவர் செய்தது என்ன என்பதில் செலவிட்டால் நன்று. அவரே தம் புகழைப் பற்றிப் பேசுவதைவிட, தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதுவதிலேயே ஆர்வம் கொண்டிருந்தார். 1948-ல் வங்காள மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்ப ஒரு கழகம் நிறுவி, அதற்கென ஒரு மாத இதழும் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1937-ல், இரவீந்திரநாத் தாகூர் தாம் எழுதிய 'விசுவ பரிசயம்' என்ற விஞ்ஞான நூலை அவருக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

உலையின் ஒளியில் தொடங்கினோம். உலகத்தையே ஓர் உலையாகக் கொள்ளலாம் என்பதும் இந்நாளில் தெரிந்துவிட்டது. பிரபஞ்சம் தோன்றிய காலத்து வெப்பத்தின் எச்சமாக வானெங்கும் மெல்லிய கதிர்வீச்சு பரவியிருக்கிறது. 1989-ல் அமெரிக்கா ஏவிய கோபே என்னும் செயற்கைக் கோள் அதனை அளந்தது. வெப்பநிலை தனிச் சூனியத்திற்கு மேல் 2.725 டிகிரி, அதன் நிறவிகிதம் பிளாங்க் வரைகோட்டின்மீது அப்படியே படிந்தது.

இத்தனையும் கோடிக்கணக்கான துகள்கள் கூடிய கூட்டத்தில் கண்டவை. இரண்டே இரண்டு ஃபோட்டான்களை வைத்து இதைச் சோதிக்க முடியுமா? 1987-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஊ, மாண்டல் என்ற மூவர் செய்துகாட்டினார்கள். விழும் ஒளியில் பாதியைக் கடத்தி, பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்று. அதன் இரு பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு ஃபோட்டான் ஒரே கணத்தில் வந்து சேர்கிறது. குமாஸ்தாக்களைப் போன்றவையானால், பாதி வேளை இரண்டும் ஒரே பக்கம் வெளியேறும். பாதி வேளை பிரிந்து போகும். பிரிந்து போவதற்கு வழிகள் இரண்டு: இரண்டும் கண்ணாடியைக் கடக்கலாம், அல்லது இரண்டும் திரும்பலாம். எது எதுவென்று கூற இயலாத ஃபோட்டான்களுக்கு இவ்விரண்டும் வேறுவேறு நிகழ்ச்சிகள் அல்ல. ஆகவே இரண்டு வழிகளின் அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எதிர்க்குறி பெற்று, ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பிரிந்து செல்லும் வாய்ப்பே இல்லாமற்போகிறது. அவர்கள் ஒரு ஃபோட்டான் வரும் பாதையைச் சிறிது சிறிதாக நீட்டிப் பார்த்தார்கள். இது முந்தி வந்தது, அது பிந்தி வந்தது என்று பிரித்தறிய இடம் ஏற்பட்ட அளவுக்கு, ஃபோட்டான்கள் மீண்டும் பிரிந்து செல்லத் தொடங்கின.

2023 ஏப்ரல் மாதத்தில் மத்திய மந்திரிசபை 6,003.65 கோடி ரூபாய்ச் செலவில் தேசிய குவாண்டம் திட்டத்தை ஏற்றது. ஒளியைக் கொண்டு குவாண்டம் கருவிகள் செய்ய முனையும் ஆய்வுச் சாலைகளில், ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக விடும் விளக்கு ஒன்றைச் செய்து முடித்தவுடன், அதன் தரத்தை இந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள். இரண்டு ஃபோட்டான்கள் நூற்றுக்கு எத்தனை முறை பிரிந்து செல்கின்றன என்று எண்ணுகிறார்கள். அந்த எண் சூனியத்தை எவ்வளவு நெருங்குகிறதோ, விளக்கு அவ்வளவு நல்லது.